பாடம் 14: ‘யூஸ்ட் டு’ – நேற்றைய வழக்கமும் இன்றைய பழக்கமும்

வகுப்பில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். “காலையில் வழக்கமாக எத்தனை மணிக்கு எழுவீர்கள்?” என்று எதிரில் இருந்த இளைஞரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தயங்காமல், “ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்” என்றார். “ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்றேன். அவர் விழித்தார். அன்று காலையும் அவர் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். நாளைக்கும் அப்படித்தான் எழப் போகிறார். ஆனால் அவருடைய வாக்கியம் சொன்னது வேறு: ‘முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை.’

தன் நல்ல பழக்கம் ஒன்றைச் சொல்ல வந்தவர், அதைக் கைவிட்டுவிட்டதாகத் தானே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இலக்கணம் தவறவில்லை, உச்சரிப்பும் தவறவில்லை. பொருள்தான் தலைகீழாகிவிட்டது. திருத்த ஆள் இல்லாவிட்டால் இந்தப் பிழை ஆயுள் முழுக்கக் கூடவே வரும். ஏனென்றால் கேட்பவருக்கு வாக்கியம் சரியாகவே காதில் விழும்.

இந்தப் பாடத்தில் ‘யூஸ்ட் டு’ என்ற வடிவத்தை மூன்று வேலைகளாகப் பிரித்துப் பார்ப்போம். பிறகு அதற்கு ஈடாக வரும் சொற்களை எடை போடுவோம். கடைசியில் பயிற்சி.

முதல் வேலை: முன்பு உண்டு, இப்போது இல்லை

“ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை.” முன்பு மதுரையில் குடியிருந்தேன், இப்போது அங்கே இல்லை.

“ஷி யூஸ்ட் டு டீச் மேத்ஸ்.” முன்பு கணக்கு சொல்லிக்கொடுத்தார், இப்போது சொல்லிக்கொடுப்பதில்லை.

“தேர் யூஸ்ட் டு பி எ வெல் ஹியர்.” இங்கே ஒரு கிணறு இருந்தது, இப்போது இல்லை.

மூன்று வாக்கியத்திலும் இரண்டாம் பாதியைப் பேசுபவர் சொல்லவே இல்லை. ‘இப்போது இல்லை’ என்பது அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இந்த வடிவத்தின் உயிர் அதுதான். செயலையும் சொல்லலாம், நிலையையும் சொல்லலாம். ஒருமுறை நடந்ததாக இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப நடந்ததாகவோ, நெடுநாள் நீடித்ததாகவோ இருக்க வேண்டும்.

மருத்துவர் கேட்கிறார்: “டூ யூ ஸ்மோக்?” நோயாளி சொல்கிறார்: “ஐ யூஸ்ட் டு.” மூன்றே சொல். ‘புகைத்துக்கொண்டிருந்தேன், நிறுத்திவிட்டேன்’ என்ற வரலாறு முழுவதும் அதில் வந்துவிட்டது. அதே மருத்துவரிடம், இன்றைக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் “ஐ யூஸ்ட் டு டேக் டேப்லட்ஸ் ஃபார் பிபி” என்று சொன்னால் என்ன ஆகும்? மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் குறிப்பேட்டில் ஏறிவிடும். பிழை சிறியது, விளைவு சிறியதல்ல.

உறவுகளைப் பற்றிப் பேசும்போதும் கவனம் வேண்டும். “ஹி யூஸ்ட் டு பி மை பெஸ்ட் ஃப்ரெண்ட்” என்றால் பால்ய சிநேகிதன் என்று பொருளாகாது. நட்பு முறிந்துவிட்டது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். “ஷி யூஸ்ட் டு பி மை வைஃப்” என்றால் விவாகரத்து ஆகிவிட்டது என்று பொருள். பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு கிடைப்பது சந்தேகம்.

ஒரு நுட்பம்: ‘இப்போது இல்லை’ என்பதை, தேவைப்பட்டால் வெளிப்படையாக விலக்கவும் முடியும். “ஐ யூஸ்ட் டு ரீட் எ லாட், அண்ட் ஐ ஸ்டில் டூ.” முன்பு நிறையப் படிப்பேன், இன்றும் படிக்கிறேன். ‘ஸ்டில்’ என்ற சொல்லைப் போட்டு விலக்க வேண்டியிருக்கிறது என்பதே, சொல்லாமல் விட்டால் என்ன பொருள் வரும் என்பதற்குச் சாட்சி.

தமிழ் நம்மை எங்கே தடுக்கி விழவைக்கிறது?

இந்தப் பிழைக்குக் காரணம் அறியாமை அல்ல. நம் மொழியின் பழக்கம்.

‘காலையில் நடப்பது வழக்கம்’ என்கிறோம். இதில் காலம் இல்லை. நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ‘வழக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் தேடுகிறவர் கையில் ‘யூஸ்ட் டு’ வந்து விழுகிறது. விழுந்ததும் அதை இன்றைய வழக்கத்துக்கு மாட்டிவிடுகிறார்.

இன்னொரு காரணம் நம் எதிர்கால வினை. ‘தாத்தா சாயங்காலமானால் கோயிலுக்குப் போவார்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தாத்தா இன்று இருந்தால் அது இன்றைய வழக்கம். தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருந்தால் அது பழைய வழக்கம். ‘போவார்’ என்ற வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. வடிவம் எதிர்காலம், சொல்லும் பொருளோ கடந்த காலம்! இது பேச்சுத் தமிழின் சோம்பல் அல்ல. இயல்பு காரணமாக ஒரு காலத்தை இன்னொரு காலத்தால் சொல்வதைக் கால வழுவமைதி என்று நன்னூலே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தமிழில் இந்த வேறுபாட்டை ‘அப்போதெல்லாம்’, ‘முன்பெல்லாம்’, ‘அந்தக் காலத்தில்’ போன்ற சொற்கள் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் வினையே சுமக்கிறது. ஆகவே விதி இது: தமிழ் வாக்கியத்தின் முன்னால் ‘முன்பெல்லாம்’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘யூஸ்ட் டு’. பொருந்தாவிட்டால், அது இன்றைய வழக்கம். இன்றைய வழக்கத்துக்கு வினையின் சாதாரண நிகழ்கால வடிவமே போதும். வேண்டுமானால் ‘யூஷுவலி’ சேர்த்துக்கொள்ளலாம்.

தவறு: “ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்” (இன்றைய பழக்கத்தைச் சொல்ல).
சரி: “ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்.”

சிலர் கடைசி ‘டி’ எழுத்தை எடுத்துவிட்டு “ஐ யூஸ் டு கெட் அப்” என்று எழுதி, நிகழ்காலமாக்கிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி ஒரு வடிவம் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘யூஸ்’ என்ற வினைக்கு ‘பயன்படுத்து’ என்பதோடு ‘வழக்கமாகச் செய்’ என்ற பொருளும் இருந்தது. 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 119-ஆம் சங்கீதத்தின் 132-ஆம் வசனத்தில் அது நிகழ்கால வடிவத்தில் வருவதைப் பார்க்கலாம். பிறகு நிகழ்கால வடிவம் வழக்கொழிந்தது, இறந்தகால வடிவம் மட்டும் தப்பிப் பிழைத்தது. எனவே இன்று “ஐ யூஸ் டு” என்று எழுதுகிறவர் சில நூற்றாண்டு தாமதமாக வந்திருக்கிறார்.

‘யூஷுவல்’, ‘யூசேஜ்’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. தமிழிலும் பழமையும் பழக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நெடுநாள் செய்தது எப்படிப் பழக்கம் ஆகிறது என்பது இரண்டு மொழிக்கும் பொதுவான அனுபவம் என்று புரியும்.

சொல்வதும் எழுதுவதும்

‘பயன்படுத்தினேன்’ என்ற பொருளில் ‘யூஸ்ட்’ வரும்போது நடுவில் உள்ள ‘ஸ்’ தேனீயின் ரீங்காரம் போல அதிரும். கடைசி ‘டி’யும் தெளிவாக ஒலிக்கும். ‘யூஸ்ட் டு’ என்று வழக்கத்தைச் சொல்லும்போது அந்த அதிர்வு இல்லை. ‘பஸ்’ என்பதில் வரும் ‘ஸ்’தான். இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்லாகக் கேட்கும். இடையில் நிறுத்தி ‘யூஸ்டு... டு’ என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டிக்கொள்வதால்தான் எழுத்தில் குழப்பம். ‘டி’ காதில் விழாததால் பலர் எழுதவும் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் சறுக்குவது உண்டு. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘டி’ கட்டாயம் வேண்டும்.

எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலப் பொறுப்பை அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ‘டி’ போய்விடும்.

“ஐ டிடன்ட் யூஸ் டு லைக் பிட்டர் கார்ட்.” முன்பு எனக்குப் பாகற்காய் பிடிக்காது.
“டிட் யூ யூஸ் டு ப்ளே செஸ்?” முன்பு சதுரங்கம் ஆடுவீர்களா?

‘டி’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும் என்பதால் ‘டிடன்ட்’டுக்குப் பிறகும் ‘டி’ போட்டு எழுதுபவர்கள் உண்டு. தேர்வு எழுதுகிறவர்கள் ‘டி’ இல்லாமல் எழுதுங்கள். வம்பே வேண்டாம் என்றால் ‘நெவர்’ கைகொடுக்கும்: “ஐ நெவர் யூஸ்ட் டு லைக் பிட்டர் கார்ட்.” இங்கே ‘டிட்’ இல்லாததால் ‘டி’ திரும்பி வந்துவிட்டது. “ஐ யூஸ்ட் நாட் டு” என்ற வடிவத்தைப் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பார்க்கலாம். பேச்சில் இன்று அபூர்வம்.

‘இல்லையா?’ என்று கடைசியில் கேட்கும்போதும் ‘டிட்’தான் வரும்: “ஹி யூஸ்ட் டு சிங், டிடன்ட் ஹி?”

முழு வினையா, துணைவினையா என்று இலக்கண அறிஞர்களுக்கே இது சற்றுத் தலைவலி கொடுத்த வடிவம். குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் எழுதி 1985-ல் வந்த பெரிய ஆங்கில இலக்கண நூல் இதை ‘டேர்’, ‘நீட்’, ‘ஆட் டு’ ஆகியவற்றோடு சேர்த்து ஓரத்தில் நிற்கும் துணைவினை என்று வகைப்படுத்துகிறது. உங்களுக்குத் தேவையான செய்தி இவ்வளவுதான்: இதற்கு நிகழ்காலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. “வில் யூஸ்ட் டு”, “ஹேவ் யூஸ்ட் டு” என்றெல்லாம் முயல வேண்டாம்.

எங்கே போடக் கூடாது?

எத்தனை முறை என்று எண்ணிக்கை சொன்னாலும், மொத்தம் எவ்வளவு காலம் என்று அளவு சொன்னாலும் ‘யூஸ்ட் டு’ விலகிக்கொள்ளும்.

தவறு: “வி யூஸ்ட் டு லிவ் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்.”
சரி: “வி லிவ்ட் இன் சேலம் ஃபார் டென் இயர்ஸ்.”

தவறு: “ஐ யூஸ்ட் டு கோ டு டெல்லி த்ரீ டைம்ஸ்.”
சரி: “ஐ வென்ட் டு டெல்லி த்ரீ டைம்ஸ்.”

ஆனால் “த்ரீ டைம்ஸ் எ இயர்” என்றால் போடலாம். அது எண்ணிக்கை அல்ல, ஆண்டுதோறும் திரும்பி வந்த வழக்கம்.

பேச்சுத் தமிழிலிருந்து இன்னொரு பொறி: ‘அப்ப நான் சைக்கிள்லதான் போயிட்டிருந்தேன்.’ இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் “ஐ வாஸ் கோயிங் பை சைக்கிள்” என்று வரும். கேட்பவர் ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளில், போய்க்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்று கதைக்குக் காத்திருப்பார். வழக்கத்தைச் சொல்கிறீர்கள் என்றால், “ஐ யூஸ்ட் டு கோ பை சைக்கிள்.”

முதல் ஈடு: ‘வுட்’

‘யூஸ்ட் டு’வுக்கு மிக நெருங்கிய மாற்று ‘வுட்’. பழைய நினைவுகளைச் சொல்லும்போது ஆங்கிலேயர் ‘யூஸ்ட் டு’வில் தொடங்கி, பிறகு ‘வுட்’டுக்கு மாறிவிடுவார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘யூஸ்ட் டு’ என்று அடித்துக்கொண்டே போனால் அவர்களுக்கும் சலிக்கும்.

“அவர் கிராண்ட்மதர் யூஸ்ட் டு லிவ் வித் அஸ். எவ்ரி ஈவ்னிங் ஷி வுட் சிட் ஆன் த வராண்டா அண்ட் டெல் அஸ் ஸ்டோரிஸ்.”

தமிழில்: ‘பாட்டி எங்களோடு இருந்தார். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார்.’ கவனித்தீர்களா? ‘சொல்வார்’ இருக்கும் இடத்தில் ‘வுட்’. எதிர்கால ‘வில்’லின் இறந்தகால வடிவம் ‘வுட்’. ஆங்கிலமும் எதிர்காலத்தின் துணையோடுதான் பழைய வழக்கத்தைச் சொல்கிறது. இந்த ஓர் இடத்தில் தமிழர்களுக்கு ஆங்கிலம் இலவசமாகக் கிடைக்கிறது.

இலவசம் என்றதும் அள்ளிவிடக் கூடாது. இரண்டு நிபந்தனை உண்டு. முதலாவது, எந்தக் காலம் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும். மொட்டையாக “மை ஃபாதர் வுட் டேக் அஸ் டு த பீச்” என்று தொடங்கினால், ‘வாய்ப்பு இருந்தால் கூட்டிப்போவார்’ என்றும் பொருள்படும். இரண்டாவது, ‘வுட்’ செயல்களுக்கு மட்டும். நிலைகளுக்கு ஒத்துவராது. தமிழில் ‘அப்ப எங்க வீட்டு முன்னாடி ஒரு வேப்பமரம் இருக்கும்’ என்று தாராளமாகச் சொல்வோம். அதைப் பின்பற்றி “தேர் வுட் பி எ நீம் ட்ரீ” என்று சொல்லக் கூடாது. மரம் நின்றது நிலை. “தேர் யூஸ்ட் டு பி எ நீம் ட்ரீ” என்பதே சரி. இருத்தல், உடைமை, விருப்பம், அறிதல், குடியிருத்தல் ஆகியவற்றுக்கு ‘யூஸ்ட் டு’ மட்டும். போதல், வருதல், சொல்லுதல், விளையாடுதல் போன்றவற்றுக்கு இரண்டும்.

இரண்டாவது வேலை: பழகிவிட்டது

இப்போது முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். பொருள் அடியோடு மாறிவிடும்.

“ஐ ஆம் யூஸ்ட் டு த ஹீட்.” வெயில் எனக்குப் பழகிவிட்டது.

இங்கே ‘யூஸ்ட்’ வினை அல்ல, ‘பழகிப்போன’ என்று பொருள்படும் பெயரடை. ‘டு’வும் வேறு. பின்னால் வினையின் மூல வடிவம் வராது. பெயர்ச்சொல் வரும், அல்லது ‘இங்’ சேர்த்த வடிவம் வரும்.

தவறு: “ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க் அட் நைட்.”
சரி: “ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்.”

எது என்று சந்தேகம் வந்தால் ‘இட்’ சோதனை செய்யுங்கள். ‘டு’வுக்குப் பின்னால் உள்ளதை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். “ஐ ஆம் யூஸ்ட் டு இட்” என்பது நிற்கிறது. ஆகவே அங்கே ‘இங்’ வேண்டும். “ஐ யூஸ்ட் டு இட்” என்பது நிற்கவில்லை. ஆகவே அங்கே மூல வடிவம்.

பழகிய நிலைக்கு ‘ஆம் யூஸ்ட் டு’. பழகிக்கொண்டிருக்கும் நிகழ்வுக்கு ‘கெட் யூஸ்ட் டு’. துபாய்க்கு வேலைக்குப் போகிற நம் ஊர் ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் சாலையின் இடப்பக்கம் ஓட்டியவர். அங்கே வலப்பக்கம்.

முதல் வாரம்: “ஐ ஆம் நாட் யூஸ்ட் டு டிரைவிங் ஆன் த ரைட்.” இன்னும் பழகவில்லை.
முதல் மாதம்: “ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்.” பழகி வருகிறது.
ஆறாம் மாதம்: “ஐ ஹேவ் காட் யூஸ்ட் டு இட்.” பழகிவிட்டது.
விடுமுறைக்கு ஊருக்கு வந்தால்: “ஐ யூஸ்ட் டு டிரைவ் ஆன் த லெஃப்ட், பட் நவ் ஐ ஆம் யூஸ்ட் டு த ரைட்.” கடைசி வாக்கியத்தில் இரண்டு வேலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. சத்தமாக நான்கு முறை படியுங்கள்.

முதல் வேலைக்கு இறந்தகாலம் மட்டுமே உண்டு என்று பார்த்தோம். இதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘வில் கெட் யூஸ்ட் டு’ என்று எதிர்காலத்திலும் சொல்லலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் மூத்தவர்கள் “யூ வில் கெட் யூஸ்ட் டு இட்” என்பார்கள். ‘போகப்போகப் பழகிவிடும்’ என்பதற்கு ஆங்கிலம் அதுதான்.

மூன்றாவது வேலை: பயன்படுகிறது

“திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்.” இந்தக் கத்தி காய் நறுக்கப் பயன்படுகிறது. இது சாதாரண செயப்பாட்டுவினை. ‘ஸ்’ ரீங்கரிக்கும். பின்னால் மூல வடிவம் வரும்.

மூன்றையும் ஒரே சமையலறையில் நிறுத்திப் பார்க்கலாம்:

“ஐ யூஸ்ட் டு கட் த வெஜிடபிள்ஸ்.” முன்பெல்லாம் நான்தான் காய் நறுக்குவேன்.
“ஐ ஆம் யூஸ்ட் டு கட்டிங் வெஜிடபிள்ஸ்.” காய் நறுக்குவது எனக்குப் பழக்கம்தான்.
“த நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்.” கத்தி காய் நறுக்கப் பயன்படுகிறது.

இரண்டாவது வாக்கியத்தில் ‘இங்’ விட்டுப்போனால் என்ன ஆகும்? “ஐ ஆம் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்.” காய் நறுக்க என்னைப் பயன்படுத்துகிறார்கள். நீங்களே கத்தியாகிவிடுவீர்கள்.

ஈடான சொற்கள்: எது எங்கே?

நேர்ப்பொருளாகச் சொற்களை அடுக்குவது அகராதியின் வேலை. எது எந்த இடத்தில் உட்காரும் என்று பார்ப்பதுதான் நமக்குப் பயன்.

முதல் வேலைக்கு (பழைய வழக்கம்):

‘வாஸ் இன் த ஹேபிட் ஆஃப்’: ஒருவரின் தனிப்பட்ட பழக்கத்தைச் சொல்ல. பின்னால் ‘இங்’ வேண்டும். நிலைகளுக்கு ஆகாது. ‘கிணறு இருந்தது’ என்பதற்கு இதைப் போட முடியாது.

‘வாஸ் ஆல்வேஸ்’ + ‘இங்’: எரிச்சலோடு சொல்ல. “ஹி வாஸ் ஆல்வேஸ் பாரோயிங் மனி.” எப்போது பார்த்தாலும் கடன் கேட்டுக்கொண்டே இருப்பார். ‘யூஸ்ட் டு’வில் இந்தச் சலிப்பு இல்லை. அது வெறும் தகவல்.

‘வாஸ் வோன்ட் டு’: பழைய நடை. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், அலுவலகக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

‘ஃபார்மர்லி’, ‘அட் ஒன் டைம்’, ‘ஒன்ஸ்’: சிம்பிள் பாஸ்ட் வினையோடு சேர்ந்து அதே பொருளைத் தரும். ‘ஃபார்மர்லி’ எழுத்துக்கும் விண்ணப்பத்துக்கும் ஏற்றது. பேச்சில் ‘யூஸ்ட் டு’ இயல்பு.

‘நோ லாங்கர்’, ‘எனி மோர்’: அதே செய்தியை இன்றைய பக்கத்திலிருந்து சொல்பவை. “ஐ நோ லாங்கர் ஸ்மோக்” என்றாலும் “ஐ யூஸ்ட் டு ஸ்மோக்” என்றாலும் மருத்துவருக்குத் தகவல் ஒன்றே. முதலாவது இன்றைய நிலையை அழுத்துகிறது, இரண்டாவது பழைய கதையை.

இரண்டாவது வேலைக்கு (பழகிய நிலை):

‘அக்கஸ்டம்ட் டு’: ‘யூஸ்ட் டு’வின் கோட்டு சூட்டு போட்ட அண்ணன். பொருள் அதே, தோரணை அதிகம். இதற்கும் ‘இங்’தான்.

‘அட்ஜஸ்ட் டு’, ‘அடாப்ட் டு’: சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று பஸ்ஸில் நாம் கேட்பது வேறு. அங்கே இடம் கொடு என்று பொருள், அல்லது பொறுத்துக்கொள் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘அட்ஜஸ்ட் டு’ என்பது மெல்ல நடக்கும் மாற்றம்.

‘அக்ளைமடைஸ் டு’: உயரம், குளிர், வெப்பம் போன்றவற்றுக்கு உடல் பழகுவதற்குப் பெரும்பாலும் வரும்.

‘ஃபெமிலியர் வித்’: பலர் இதையும் ஈடாக நினைக்கிறார்கள். இது அறிமுகம், பழக்கம் அல்ல. ஒரு மென்பொருள் உங்களுக்குத் தெரியும் என்றால் ‘ஃபெமிலியர் வித்’. தினமும் அதில் வேலை செய்து கை தானாக ஓடுகிறது என்றால் ‘யூஸ்ட் டு’. சுயவிவரக் குறிப்பில் எதை எழுதுகிறீர்கள் என்று யோசித்து எழுதுங்கள்.

பயிற்சி

கீழே உள்ளவற்றில் பிழை இருந்தால் திருத்துங்கள். கடைசி இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். விடையைப் பார்க்குமுன் ‘முன்பெல்லாம்’ சோதனையும் ‘இட்’ சோதனையும் செய்யுங்கள்.

1. “ஐ யூஸ்ட் டு டிரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்.” (இன்றும் குடிப்பவர் சொல்கிறார்.)
2. “தேர் வுட் பி எ டேங்க் நியர் அவர் ஹவுஸ்.” (முன்பு வீட்டருகே குளம் இருந்தது.)
3. “ஷி இஸ் யூஸ்ட் டு ஸ்பீக் இன் பப்ளிக்.” (மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கம்.)
4. “ஹி யூஸ்ட் டு வொர்க் இன் சிங்கப்பூர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.”
5. “ஐ யூஸ்ட் டு பி ஷை, பட் ஐ ஆம் நாட் எனி மோர்.”
6. இந்தக் குளிர் எனக்கு இன்னும் பழகவில்லை.
7. முன்பெல்லாம் எங்கள் தெருவில் இவ்வளவு வண்டிகள் இருக்காது.

விடைகள்

1. “ஐ டிரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்.” இன்றைய பழக்கம், நிகழ்காலம் போதும்.
2. “தேர் யூஸ்ட் டு பி எ டேங்க்...” குளம் இருந்தது நிலை. ‘வுட்’ ஆகாது.
3. “ஷி இஸ் யூஸ்ட் டு ஸ்பீக்கிங் இன் பப்ளிக்.” ‘இட்’ சோதனை நிற்கிறது, ஆகவே ‘இங்’.
4. “ஹி வொர்க்ட் இன் சிங்கப்பூர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.” கால அளவு வந்துவிட்டது.
5. சரியான வாக்கியம்.
6. “ஐ ஆம் நாட் யூஸ்ட் டு திஸ் கோல்ட் யெட்.”
7. “தேர் டிடன்ட் யூஸ் டு பி ஸோ மெனி வெஹிக்கிள்ஸ் இன் அவர் ஸ்ட்ரீட்.” எழுதும்போது ‘யூஸ்’ என்பதில் ‘டி’ இல்லை.

வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. உங்கள் சிறுவயது பற்றி ‘யூஸ்ட் டு’ போட்டு ஐந்து வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் ‘இப்போதும் அப்படித்தானா?’ என்று உங்களையே கேளுங்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ‘இல்லை’ என்று வந்தால் அது சரியான வாக்கியம்.